ஸ்டேஜ் மேனேஜ்மென்ட் படிக்கணுமா? போர்ட்ஃபோலியோ ரெடி பண்றதுலேருந்து அமெரிக்க காலேஜ் எடுக்கறது வரைக்கும்

ஸ்கூல் டிராமாலயும் மியூசிக்கல்லயும் பேக்ஸ்டேஜ் வேலை பாத்துட்டு "எனக்கு இதுதான் வேணும், காலேஜ்ல இதையே படிக்கறேன்"னு சொல்ற பிள்ளைங்க அமெரிக்காவுல நம்ம தமிழ்க் குடும்பங்கள்லயும் இப்போ இருக்காங்க. வீட்ல முதல்ல வர்ற கேள்வி, இதுக்கெல்லாமா டிகிரி இருக்குன்னு. இருக்கு. நாலு வருஷ பிஎஃப்ஏ (பேச்சிலர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்), ஸ்டேஜ் மேனேஜ்மென்ட்னே பேர் போட்டு, நல்ல நல்ல யூனிவர்சிட்டில இருக்கு. ஆனா அட்மிஷன் எப்படி நடக்குதுன்னு சொல்லித்தர ஆள் கிடைக்கறதுதான் கஷ்டம், கம்ப்யூட்டர் சயின்ஸ்னா தெருவுக்கு நாலு பேர் சொல்வாங்க, இதுக்கு ஸ்கூல் டிராமா டீச்சரை விட்டா யாருமில்ல. அதான் எனக்குத் தெரிஞ்சதை வரிசையா எழுதறேன். படிக்கறது பிள்ளையா இருந்தாலும் பெத்தவங்களா இருந்தாலும் சென்னைலேருந்து அப்ளை பண்றவங்களா இருந்தாலும் முக்கால்வாசி விஷயம் பொதுதான்.

வேலை என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். ரிகர்சல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஸ்டேஜ் மேனேஜர் வந்துடுவாங்க. யார் எந்த சீன்ல வர்றாங்க, யாருக்கு எத்தனை மணிக்கு கால் (வர வேண்டிய நேரம்), எந்த ப்ராப் (மேடைல கையாள்ற பொருள்) எந்தப் பக்கத்துலேருந்து உள்ள வருது, நடிகர் எந்த வார்த்தைல எந்தப் பக்கம் நடக்கறாரு, எல்லாம் இவங்க எழுத்துல இருக்கும். ஷோ நடக்கும்போது ஹெட்செட்ல உக்காந்து லைட், சவுண்ட், செட் மாத்தறது எல்லாத்துக்கும் "கோ" சொல்றதும் இவங்கதான், அதுக்குப் பேர்தான் ஷோவை கால் பண்றது, அப்படி மாத்தற ஒவ்வொரு இடமும் ஒரு கியூ. ஓப்பனிங் முடிஞ்சதும் டைரக்டர் அடுத்த வேலைக்குப் போயிடுவாரு, அதுக்கப்புறம் அவர் செஞ்சது கலையாம தினமும் அப்படியே நடக்க வைக்கற பொறுப்பு ஸ்டேஜ் மேனேஜருக்கு. இது முழுக்க முழுக்க பேப்பர்ல தெரியற வேலை, மனுஷங்களோட செய்யற வேலை. அதனால காலேஜ் உங்களை உங்க பேப்பரை வெச்சுதான் பாக்கும். நீங்களும் காலேஜை அதே மாதிரி அவங்க பேப்பரைக் கேட்டு வாங்கிப் பாத்து எடுக்கணும்ங்கறதுதான் நான் சொல்ல வர்றது, ரெண்டாவது பாதில அதுக்கு வர்றேன்.

எப்போ ஆரம்பிக்கறது

லெவன்த் கிரேடு. அதுக்கு முன்னாடி ஆரம்பிச்சா இன்னும் நல்லது, ஆனா லெவன்த்தைத் தாண்ட விடாதீங்க. டுவெல்த் செப்டம்பர் அக்டோபர்ல காமன் ஆப்ல (ஒரே ஃபார்ம்ல பல காலேஜுக்கு அப்ளை பண்ற சைட்) அப்ளிகேஷன் போகும், அதுக்குத் தனியா போர்ட்ஃபோலியோ ஸ்லைட்ரூம் இல்லன்னா அக்செப்ட்டட்ங்கற சைட்ல அப்லோட் பண்ணச் சொல்வாங்க. நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் இன்டர்வியூ நடக்கும். மார்ச் கடைசி ஏப்ரல்ல ரிசல்ட், மே 1க்குள்ள எந்த காலேஜ்னு முடிவு சொல்லணும். பிஎஃப்ஏக்கு பெரும்பாலும் ரெண்டு கதவு, யூனிவர்சிட்டி மார்க்கைப் பாக்கும், டிராமா டிபார்ட்மென்ட் போர்ட்ஃபோலியோவையும் இன்டர்வியூவையும் பாக்கும், ரெண்டுலயும் ஓகே ஆனாதான் சீட். ஒண்ணுல மட்டும் ஓகே ஆகி இன்னொண்ணுல நின்னு போறவங்க இருக்காங்க, அதனால டெட்லைன் ரெண்டையும் தனித்தனியா குறிச்சு வெச்சுக்கோங்க, ரெண்டும் ஒரே தேதியா இருக்கணும்னு அவசியமில்ல.

இந்த வேலையோட பேப்பர் எல்லாம் ஷோ நடக்கும்போது உருவாகறது. பின்னாடி உக்காந்து அழகா தயாரிக்க முடியாது, தயாரிச்சாலும் பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். அதனால இப்போ ஓடிட்டு இருக்கற ஷோலேருந்தே ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. கிறுக்கின பேப்பர், காபி கறை பட்ட கால் ஷீட், டேப் ஒட்டின ரிகர்சல் ரூம் போட்டோ, எல்லாத்தையும் ஷோ பேர் போட்டு ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. மியூசிக்கல்னா இன்னொரு விஷயம், லைசென்ஸ் குடுக்கற கம்பெனிகிட்ட வாடகைக்கு வாங்கின ஸ்கிரிப்ட், ஸ்கோர் எல்லாம் ஷோ முடிஞ்சதும் பென்சில் குறிப்பை அழிச்சுட்டுத் திருப்பி அனுப்பச் சொல்றதும் உண்டு, அப்போ உங்க உழைப்பு அத்தனையும் அந்த ரப்பரோட போயிடும். முன்னாடியே டீச்சர்கிட்ட கேட்டு, போர்ட்ஃபோலியோவுக்கு வேண்டிய சில பக்கத்தை எப்படி எடுத்து வைக்கலாம்னு பேசி முடிவு பண்ணிடுங்க.

போர்ட்ஃபோலியோல என்ன இருக்கணும்

டிசைனர் போர்ட்ஃபோலியோ மாதிரி கலர்கலரா இருக்கணும்னு நினைச்சு பயப்படறவங்க நிறைய. தேவையே இல்ல. ஸ்டேஜ் மேனேஜர் போர்ட்ஃபோலியோல ஷோவோட அழகான போட்டோ ஒண்ணு ரெண்டு போதும், அதுவும் அது என்ன ஷோன்னு பாக்கறவங்களுக்குப் புரியறதுக்காக. மத்ததெல்லாம் உங்க பேப்பர்.

நடுநாயகமா இருக்க வேண்டியது ப்ராம்ப்ட் புக், அதாவது ஸ்கிரிப்ட்டோட பிளாக்கிங் (யார் எங்க நடக்கறாங்க), கியூ எல்லாக் குறிப்பும் சேர்ந்த ஸ்டேஜ் மேனேஜரோட புத்தகம். ஒரு ஷோவோடது முழுசா, பெரிய ரிங் பைண்டர்ல, டிவைடர் போட்டுப் பிரிச்சு. நேர்ல இன்டர்வியூன்னா இதைத் தூக்கிட்டுப் போகணும், எதிர்ல உக்காந்திருக்கறவங்க கையில வாங்கி அவங்க இஷ்டத்துக்கு ஒரு பக்கத்தைத் திறப்பாங்க, நீங்க காட்ட நினைச்ச பக்கத்தை இல்ல. அதனால ஒரே ஒரு பக்கத்தை மட்டும் மினுக்கி வெச்சுப் பிரயோஜனமில்ல. ஆன்லைன்ல அனுப்பறதுக்கு அதுலேருந்து பிளாக்கிங் பக்கம் ஒண்ணு ரெண்டு, கால் பண்ற பக்கம் ஒண்ணு ரெண்டு எடுத்துக்கோங்க. முழு ஸ்கிரிப்ட்டையும் யார் வேணும்னாலும் பாக்கற மாதிரி வெப்சைட்ல ஏத்திடாதீங்க, அது காப்பிரைட் பிரச்சனை.

பிளாக்கிங் பக்கம்னா ஒரு பக்கம் ஸ்கிரிப்ட், எதிர்பக்கம் குட்டியா கிரவுண்ட் பிளான் (செட்டை மேலேருந்து பாக்கற மாதிரி வரைஞ்ச படம்), அதுல யார் எங்கேருந்து எங்க போறாங்கன்னு நம்பர் போட்டுக் குறிப்பு. நீங்களே கண்டுபிடிச்ச குறியீடா இருந்தாலும் பரவால்ல, ஆனா முதல் பக்கத்துல அதுக்கு விளக்கம் எழுதி வைங்க. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தா அசிஸ்டென்ட் இதை எடுத்து அப்படியே ரிகர்சல் ஓட்ட முடியுமா? இன்டர்வியூ பண்றவங்க அதைத்தான் பாக்கறாங்க.

கால் பண்ற பக்கத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுலதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. வசனத்துல சரியா எந்த வார்த்தைல கியூ விழணுமோ அந்த வார்த்தைலேருந்து ஸ்கேல் வெச்சு மார்ஜினுக்கு ஒரு கோடு, கோடு முடியற இடத்துல "லைட்ஸ் 42". அதுக்கு அரைப் பக்கம் முன்னாடியே "ஸ்டாண்ட்பை, லைட்ஸ் 42லேருந்து 44, சவுண்ட் 12". ஆபரேட்டர் "லைட்ஸ் ஸ்டாண்டிங் பை"ன்னு பதில் சொல்வாங்க, அப்புறம் அந்த இடம் வரும்போது நீங்க "லைட்ஸ் 42..."ன்னு சொல்லி நிறுத்தி, சரியான நொடில "கோ". அந்த வார்த்தை கேட்டதும் விரல் பட்டனை அழுத்திடும், அதனாலதான் அது எப்பவும் கடைசில வருது, அதனாலதான் ஹெட்செட்ல வேற எந்தப் பேச்சுலயும் அந்த வார்த்தையை வாய் தவறியும் சொல்ல மாட்டாங்க. வார்த்தைல விழாம ஒரு செயல்ல விழற கியூன்னா, உதாரணத்துக்கு கதவு சாத்தறதுல லைட் மாறணும்னா, "கதவு சாத்தும்போது"ன்னு மட்டும் எழுதினா பத்தாது. கைப்பிடியைத் தொடும்போதா, கதவு சட்டத்துல மோதற சத்தத்துலயா? இந்த வித்தியாசத்தை எழுதி வெச்சிருக்கற பிள்ளை ஷோவை நிஜமா உக்காந்து கால் பண்ணியிருக்குன்னு பாத்ததும் தெரிஞ்சுடும்.

அடுத்தது ரிகர்சல் ரிப்போர்ட். என்னைக் கேட்டா போர்ட்ஃபோலியோல ரொம்ப முக்கியமான ஒரு பக்கம் இதுதான், ப்ராம்ப்ட் புக்கை விடவும். தினமும் ரிகர்சல் முடிஞ்சதும் எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் போற மெயில் இது, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, எப்போ பிரேக், என்ன சீன் பாத்தோம், யார் லேட், அப்புறம் செட், ப்ராப்ஸ், காஸ்ட்யூம், லைட், சவுண்ட் ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு. இதுல உங்க குணம் தெரியும். ஒருத்தர் இப்படி எழுதறாங்கன்னு வெச்சுக்கோங்க:

"செட்: நாற்காலி இன்னும் ஆடுது. போன வாரமே சொல்லியாச்சு."

இன்னொருத்தர் இப்படி:

"செட்: டைனிங் டேபிளுக்கு இடது பக்க நாற்காலியோட முன்கால் ஆடுது. ரெண்டாவது சீன்ல அதுமேல ஏறி நிக்கறாங்க. இன்னைக்கு அதை ஓரமா வெச்சுட்டு வேற நாற்காலில ஓட்டினோம். வியாழக்கிழமை ரிகர்சலுக்கு முன்னாடி பாத்துத் தர முடியுமா? நன்றி."

ரெண்டாவதுல எது, எங்க, ஏன் அவசரம், இதுவரைக்கும் என்ன செஞ்சாச்சு, எப்போ வேணும், அத்தனையும் இருக்கு, யாரையும் குத்திக் காட்டலை. ராத்திரி பத்து மணிக்கு சோர்ந்து போய் எழுதும்போதும் இப்படி எழுதற ஒருத்தரை எந்த காலேஜும் விடாது. உங்ககிட்ட இருக்கற பழைய ரிப்போர்ட்டை எல்லாம் எடுத்துப் படிச்சுப் பாருங்க, நல்லா வந்திருக்கற ரெண்டை அப்படியே வைங்க. இதுவரைக்கும் ரிப்போர்ட்டே எழுதினதில்லன்னா அடுத்த ஷோலேருந்து டீச்சர் கேக்கலைன்னாலும் எழுத ஆரம்பிங்க.

இதுக்கு மேல சீன் வாரியா யார் வர்றாங்கங்கற சார்ட், ப்ராப்ஸ் லிஸ்ட், ஷோ நேரத்துல பேக்ஸ்டேஜ்ல யார் எப்போ என்ன செய்யணுங்கற ரன் ஷீட், ஒரு வாரத்து ஷெட்யூல், இதெல்லாம் ஒவ்வொண்ணு. ரிகர்சல் ரூம் தரைல செட்டை டேப் ஒட்டி வரைஞ்சிருந்தீங்கன்னா கிரவுண்ட் பிளானையும் தரை போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, கால் இன்ச்சுக்கு ஒரு அடி கணக்குல வரைஞ்ச பிளானை ஸ்கேல் ரூலர் வெச்சு அளந்து, சென்டர் லைன்லேருந்து ரெண்டு அளவு டேப் இழுத்துப் புள்ளி புள்ளியா வெச்சு ஒட்டத் தெரியுதுங்கறது சின்ன விஷயமில்ல. ஷெட்யூல்ல பிரேக் எல்லாம் ஒழுங்கா வந்திருக்கான்னும் பாத்துக்கோங்க. ஆக்டர்ஸ் ஈக்விட்டி யூனியன் விதில 55 நிமிஷ வேலைக்கு 5 நிமிஷம், இல்லன்னா 80 நிமிஷத்துக்கு 10 நிமிஷம் பிரேக். ஸ்கூல் ஷோவுக்கு அது கட்டாயமில்லதான், ஆனாலும் அதைத் தெரிஞ்சு வெச்சு நடிகர்களுக்கு மூச்சு விட நேரம் குடுத்திருக்கறது கண்ல படும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ ரெண்டு வரி எழுதுங்க, இது என்ன, எதுக்காகப் பண்ணேன், இதனால என்ன சுலபமாச்சுன்னு. அந்த ரெண்டு வரி இல்லன்னா உங்க சார்ட் வெறும் கட்டம்தான்.

ஒரு எச்சரிக்கை, இதை மறக்கவே கூடாது. கான்டாக்ட் ஷீட்ல மத்த பிள்ளைங்களோட போன் நம்பர், மெயில், வீட்டு அட்ரஸ் இருக்கும், சிலதுல அலர்ஜி, எமர்ஜென்சி விவரம் கூட இருக்கும். அதை எல்லாம் மறைச்சுட்டுத்தான் போர்ட்ஃபோலியோல வைக்கணும். மறைக்காம குடுத்தா, நடிகர்களோட அந்தரங்கத்தைக் காப்பாத்த வேண்டியவங்களே அதைத் தூக்கி வெளில குடுக்கறாங்கன்னு ஆயிடும், வேற எவ்வளவு நல்லா இருந்தாலும் அது பெரிய அடி. பதினெட்டு வயசு ஆகாதவங்க போட்டோன்னா கேட்டுட்டுப் போடுங்க.

ஸ்கூல் ஷோ பத்தலைன்னா

சில ஸ்கூல்ல வருஷத்துக்கு ஒரே ஷோதான், அதுலயும் அசிஸ்டென்ட்டாதான் விட்டிருப்பாங்க. கவலைப்படாதீங்க. நம்ம பிள்ளைங்ககிட்ட வேற யார்கிட்டயும் இல்லாத ஒண்ணு இருக்கு, ஆனா அதை ரெஸ்யூமேல போடவே மாட்டேங்கறாங்க: அரங்கேற்றம், தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா, தீபாவளி நிகழ்ச்சி. அக்காவோட அரங்கேற்றத்துக்கு பேக்ஸ்டேஜ் பாத்துக்கிட்டீங்களா? அது ஸ்டேஜ் மேனேஜ்மென்ட்தான், ஆனா எழுத்துல இருக்கணும்.

யோசிச்சுப் பாருங்க, புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், அப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல போகற வர்ணம், இடைவேளைல காஸ்ட்யூம் மாத்தணும், அப்புறம் பதம், தில்லானா, மங்களம். உருப்படிக்கு எவ்வளவு நேரம், காஸ்ட்யூம் மாத்தறதுக்கு எவ்வளவு, நகை கழட்டிப் போட யார் நிக்கறாங்க, மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் மைக் செக் எப்போ, காம்பியர் எந்த இடத்துல பேசறாங்க, இதெல்லாம் ஒரே ஷீட்ல கொண்டு வந்தா அருமையான ரன் ஷீட். இதைவிட முக்கியம் லைட் கியூ. இதுல கியூ போட வசனம் கிடையாது, தீர்மானம் (ஜதியை முடிக்கற அடவு) முடியற அடில லைட் மாறணும்னா தாளத்தை எண்ணித்தான் கால் பண்ணணும். டான்ஸுக்கும் மியூசிக்கலுக்கும் ஆபராவுக்கும் கால் பண்றவங்க இசையை வெச்சு எண்ணித்தான் பண்றாங்க, காலேஜ்ல அதைத் தனியா கத்துக்குடுப்பாங்க. நீங்க ஆதி தாளம் எண்ணி லைட் கால் பண்ணியிருக்கேன்னு ஒரு பக்கத்தைக் காட்டினா இன்டர்வியூல இருக்கறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க. ஆனா தெரியாதவங்களுக்குப் புரியற மாதிரி வரைஞ்சு காட்டணும், எட்டு அட்சரத்தை எட்டு கட்டமா போட்டு எந்தக் கட்டத்துல கோன்னு.

கம்யூனிட்டி தியேட்டர்ல போய் உதவிக்கு நிக்கலாமான்னு கேளுங்க, பெரும்பாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. ஸ்கூல்ல தெஸ்பியன் சொசைட்டி (ஸ்கூல் நாடக மாணவர் சங்கம்) இருந்தா அவங்களோட தெஸ்பிஸ் போட்டில ஸ்டேஜ் மேனேஜ்மென்ட்டுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, அதுல ஒரு தடவை நின்னு பேசிட்டு வந்தா காலேஜ் இன்டர்வியூவுக்கு நல்ல ஒத்திகை.

ரெஸ்யூமே ஒரே பக்கம். ஷோ, உங்க பொறுப்பு, எங்க, டைரக்டர் யாருன்னு நாலு காலம். அசிஸ்டென்ட்டா பண்ணதை ஸ்டேஜ் மேனேஜர்னு போடவே போடாதீங்க, இந்தத் துறைல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கீழ ஸ்கில்ஸ்ல முதலுதவி, சிபிஆர் சர்டிபிகேட், க்யூலேப் (சவுண்ட், வீடியோ கியூ ஓட்டற சாஃப்ட்வேர்) தெரியும், தையல் தெரியும், மியூசிக் படிக்கத் தெரியும், தமிழ் பேசுவேன், எல்லாம் போடலாம்.

இன்டர்வியூ

பெரும்பாலும் இருபது நிமிஷம் அரை மணி நேரம், கேம்பஸ்ல இல்லன்னா ஜூம்ல, இல்லன்னா நியூயார்க், சிகாகோ மாதிரி ஊர்ல பல காலேஜ் சேர்ந்து ஒரே இடத்துல நடத்தற யூனிஃபைட்ஸ்ல. நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போங்க, ஸ்டேஜ் மேனேஜ்மென்ட் இன்டர்வியூவுக்கு லேட்டா போறதுக்கு எந்த சமாதானமும் எடுபடாது. ஏன் டைரக்ஷன் இல்லாம இதுன்னு கேப்பாங்க. ஒரு பிரச்சனை வந்தப்போ என்ன பண்ணீங்கன்னு கட்டாயம் கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு பதில் சொல்லும்போது நிறைய பிள்ளைங்க யாரோ ஒரு நடிகரையோ டீச்சரையோ மட்டம் தட்டிக் கதை சொல்லிடறாங்க, அது நாளைக்கு எங்களைப் பத்தியும் இப்படித்தான் வெளில பேசுவீங்கன்னு அவங்க காதுல விழும். நடந்ததைச் சொல்லுங்க, நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க, அடுத்த தடவை என்ன மாத்துவீங்கன்னு சொல்லுங்க, பேர் வேண்டாம். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றது ரொம்ப நல்ல பதில், அதைச் சொல்லிட்டு யார்கிட்ட கேப்பேன்னும் சேத்துச் சொல்லுங்க.

காலேஜ் எடுக்கறது

இப்போ உங்க முறை. பிஎஃப்ஏன்னா மொத்த நாலு வருஷமும் பெரும்பாலும் தியேட்டர்தான், வாரத்துல ராத்திரி எல்லாம் ரிகர்சல். பிஏன்னா வேற சப்ஜெக்ட்டும் எடுக்கலாம், டபுள் மேஜர் பண்ணலாம், ஆனா ஸ்டேஜ் மேனேஜ்மென்ட்டுக்குன்னு தனி கிளாஸ் கம்மியா இருக்கும். பிஏ முடிச்சு கொஞ்ச நாள் வேலை பாத்துட்டு எம்எஃப்ஏ (ஃபைன் ஆர்ட்ஸ் மாஸ்டர்ஸ்) போறதும் நல்ல வழிதான். யேல்ல இருக்கற டேவிட் கெஃபன் ஸ்கூல் ஆஃப் டிராமால 2021ல வந்த 150 மில்லியன் டாலர் நன்கொடையால டியூஷன் ஃபீஸே கிடையாது, ஸ்டேஜ் மேனேஜ்மென்ட் எம்எஃப்ஏவும் அதுல சேர்த்தி. கொலம்பியா, யூசி சான் டியாகோ, யூசி இர்வைன்லயும் எம்எஃப்ஏ இருக்கு.

பிஎஃப்ஏக்கு எங்க பாக்கலாம்னா, பிட்ஸ்பர்க்ல கார்னகி மெலன் இருக்கு, 1914ல ஆரம்பிச்ச, டிராமாவுக்கு டிகிரி குடுக்கற இடம், ரொம்பக் கொஞ்சம் சீட். சிகாகோவுல டிபால் தியேட்டர் ஸ்கூல், அந்த ஊர்ல சின்னச் சின்ன தியேட்டர் கம்பெனி ஏராளம், படிக்கும்போதே வெளில பழகலாம். பாஸ்டன்ல பாஸ்டன் யூனிவர்சிட்டியும் எமர்சனும், எமர்சன்ல ஸ்டேஜும் ப்ரொடக்ஷன் மேனேஜ்மென்ட்டும் சேர்ந்த டிகிரி. சின்சினாட்டி யூனிவர்சிட்டியோட சிசிஎம் ஒரு இசைக் கல்லூரிங்கறதால ஆபரா, மியூசிக்கல், டான்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ நடக்குது, இசையை வெச்சு கால் பண்ற ஆசை இருந்தா முதல்ல அதைப் பாருங்க. சிராக்யூஸ்ல சிராக்யூஸ் ஸ்டேஜ்ங்கற ப்ரொஃபஷனல் தியேட்டரும் டிராமா டிபார்ட்மென்ட்டும் ஒரே கட்டடத்துல இருக்கு. வட கரோலினாவுல வின்ஸ்டன்-சேலம்ல யூஎன்சிஎஸ்ஏ (மாநிலத்தோட கலைப் பள்ளி) அரசுக் கல்லூரி, அதனால கேரி, சார்லட் பக்கம் இருக்கற நம்ம குடும்பங்களுக்கு இன்-ஸ்டேட் ஃபீஸ்ல (அந்த மாநிலத்துக்காரங்களுக்கான கம்மி ஃபீஸ்) முடியும், இவ்வளவு நல்ல இடம் பக்கத்துலயே இருக்குன்னு பல பேருக்குத் தெரியறதில்ல. ப்ரோக்ராம் பேரும் ஃபீஸும் மாறிட்டே இருக்கும், நீங்க அப்ளை பண்ற வருஷத்து விவரத்தை அவங்க பேஜ்லயே பாத்துக்கோங்க.

ஆனா பேரை வெச்சு மட்டும் எடுக்காதீங்க. நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்றது ஒரே கேள்வியைப் பிடிச்சுக்கோன்னுதான்: நான் எந்த வருஷத்துல, எந்த மாதிரி ஷோவை, நானே உக்காந்து கால் பண்ணுவேன்? இதுக்கு வாய்ல பதில் வேண்டாம், பேப்பர்ல கேளுங்க. போன வருஷத்து சீசன்ல எந்த ஷோவுக்கு யார் ஸ்டேஜ் மேனேஜர், யார் அசிஸ்டென்ட், எந்த வருஷ மாணவர்னு ஒரு லிஸ்ட் அவங்ககிட்ட கட்டாயம் இருக்கும், அதைக் கேளுங்க. எம்எஃப்ஏவும் இருக்கற இடத்துல பெரிய ஷோ எல்லாம் அவங்களுக்கே போயிடுதா, பிஎஃப்ஏ பிள்ளைங்க நாலு வருஷமும் அசிஸ்டென்ட்டாவே நிக்கறாங்களான்னு அதுல தெரிஞ்சுடும். வருஷத்துக்கு எட்டு பேரைச் சேத்துட்டு ஆறு ஷோ போடற இடத்துல உங்க பங்கு என்னன்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். நாடகம், மியூசிக்கல், டான்ஸ் மூணும் ஒரே ஆளுக்குக் கிடைச்சிருக்கான்னும் பாருங்க.

கேம்பஸ் போனா டூர் கைடு காட்டற பெரிய தியேட்டரைப் பாத்துட்டுத் திரும்பிடாதீங்க. கால்போர்டைப் (நடிகர்களுக்கும் குழுவுக்கும் அறிவிப்பு ஒட்டற பலகை) போய்ப் படிங்க. இந்த வார ஷெட்யூல் ஒட்டியிருக்கா, ராத்திரி எத்தனை மணிக்கு விடறாங்க, மறுநாள் காலைல எத்தனை மணிக்குக் கூப்பிடறாங்க, லீவு நாள் இருக்கா, எல்லாம் அதுல இருக்கும். முடிஞ்சா ஒரு ரிகர்சல் ரிப்போர்ட்டைக் காட்ட முடியுமான்னு கேளுங்க, வெளில காட்டக்கூடாதுன்னு சொன்னா தப்பில்ல, பேர் இல்லாத மாதிரி ஒண்ணைக் காட்டினா மொத்த டிபார்ட்மென்ட்டும் ஒருத்தரோட ஒருத்தர் எப்படிப் பேசிக்கறாங்கன்னு ஒரு பக்கத்துல புரிஞ்சுடும். மூணாவது வருஷ மாணவர் ஒருத்தரோட, ஆசிரியர் பக்கத்துல இல்லாதப்போ, பத்து நிமிஷம் பேசுங்க. டெக் வாரத்துல (லைட், சவுண்ட், செட் எல்லாம் சேர்த்து ஒத்திகை பாக்கற வாரம்) தூங்கறாங்களா, சாப்பிடறாங்களா, உடம்பு சரியில்லன்னா லீவு எடுக்க முடியுதா, கூட சேந்தவங்க எத்தனை பேர் நடுவுல விட்டுட்டுப் போனாங்க, ஏன். ரெண்டாவது வருஷத்துல மதிப்பிட்டு வெளில அனுப்பற வழக்கம் சில ப்ரோக்ராம்ல இருக்கு, அது இருக்கான்னு நேரடியாவே கேட்டுடுங்க. சொல்லிக்குடுக்கற ஆசிரியர் இப்பவும் வெளில ஷோ பண்றவரான்னு பாருங்க, ஏன்னா முதல் வேலை பெரும்பாலும் அவர் போன்லேருந்துதான் வரும்.

பணம், விசா, வேலை

ஒவ்வொரு அமெரிக்க காலேஜ் வெப்சைட்லயும் நெட் பிரைஸ் கால்குலேட்டர்னு ஒண்ணு இருக்கும், சட்டப்படி வெச்சாகணும். குடும்ப வருமானத்தைப் போட்டா கிட்டத்தட்ட எவ்வளவு கட்ட வேண்டி வரும்னு காட்டும், லிஸ்ட் போடறதுக்கு முன்னாடியே அதைப் போட்டுப் பாருங்க. எர்லி டிசிஷன்ல அப்ளை பண்ணா கிடைச்சதும் போயே ஆகணும், மத்த காலேஜ் உதவித்தொகையோட ஒப்பிட்டுப் பாக்க வாய்ப்பே இருக்காது, பணம் ஒரு கவலைன்னா அதைத் தவிர்க்கறது நல்லது. இந்தத் தொழில்ல ஆரம்பச் சம்பளம் கம்மி, அதுக்குப் பெரிய கடனோட வெளில வந்தா நல்ல வாய்ப்புக்கு ஊர் மாறிப் போகற சுதந்திரம் போயிடும். நான் கடன் கம்மியா இருக்கற காலேஜுக்குத்தான் ஓட்டு போடுவேன், பேர் கொஞ்சம் சின்னதா இருந்தாலும்.

இந்தியாலேருந்தோ இலங்கைலேருந்தோ எஃப்-1 மாணவர் விசால வர்றவங்களுக்கு எஃப்ஏஎஃப்எஸ்ஏங்கற உதவித்தொகை விண்ணப்பம் வழியா வர்ற அரசு உதவி கிடையாது, காலேஜ் தர்ற ஸ்காலர்ஷிப்தான். படிப்பு முடிஞ்சதும் ஓபிடில (படிச்சதுக்கு ஏத்த வேலை பாக்க எஃப்-1 மாணவருக்குக் குடுக்கற அனுமதி) 12 மாசம் வேலை பாக்கலாம், இன்ஜினியரிங் பிள்ளைங்களுக்குக் கிடைக்கற அந்தக் கூடுதல் 24 மாச ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) நீட்டிப்பு தியேட்டர் டிகிரிக்குப் பொதுவா கிடைக்காது. இதைத் தெரிஞ்சுட்டுத்தான் கிளம்பணும், வந்தப்புறம் தெரிஞ்சு உடைஞ்சு போகக்கூடாது.

வேலைன்னா பிராட்வே மட்டும்னு நினைக்க வேண்டாம். ஊர் ஊருக்கு ரீஜனல் தியேட்டர் இருக்கு, ஆபரா, பாலே கம்பெனி இருக்கு, டூரிங் ஷோ, க்ரூஸ் கப்பல், தீம் பார்க், கார்ப்பரேட் ஈவென்ட்னு கால் பண்ண ஆள் தேவைப்படற இடம் நிறைய. நாடகத்துல ஸ்டேஜ் மேனேஜர்களுக்கும் நடிகர்களுக்கும் ஒரே யூனியன், 1913ல ஆரம்பிச்ச ஆக்டர்ஸ் ஈக்விட்டி. ஆபரா பக்கம் அக்மாங்கற யூனியன். யூனியன் வேலைன்னா குறைந்தபட்ச சம்பளம், ஓய்வு நேரம், ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு வழின்னு எல்லாம் ஒப்பந்தத்துல இருக்கும், ஆனா ஒரு ஷோ முடிஞ்சா அடுத்த ஷோ தேடணும், மாசச் சம்பளம் மாதிரி வராது. பெத்தவங்ககிட்ட இதை மறைக்காம சொல்லிடுங்க. ஷோவை எப்படி நடத்தறாங்கன்னு அவங்க நேர்ல பாத்தா பாதி பயம் போயிடும், அடுத்த ஸ்கூல் ஷோவுக்கு உங்க டீச்சர்கிட்ட அனுமதி வாங்கி டெக் ரிகர்சல்ல அம்மாவையோ அப்பாவையோ பின் வரிசைல உக்கார வெச்சு நீங்க கால் பண்றதைக் கேக்க விடுங்க.

ஏப்ரல்ல ரிசல்ட் எல்லாம் வந்ததும் உதவித்தொகை லெட்டரை எல்லாம் ஒரே ஷீட்ல போட்டு, நாலு வருஷத்துக்கு எவ்வளவு, எந்த வருஷத்துலேருந்து கால் பண்ணுவேன், எத்தனை விதமான ஷோ, இந்த மூணு காலம் மட்டும் வெச்சுப் பாருங்க. ஒரு காலேஜ் ரொம்பப் பிடிச்சு பணம் மட்டும் இடிச்சா டிபார்ட்மென்ட்டுக்கு மரியாதையா மெயில் போட்டு மறுபரிசீலனை கேக்கலாம், மத்த ஆஃபரையும் சேத்து அனுப்புங்க, கேக்கறதுல வெக்கமே இல்ல. மே 1க்கு முன்னாடி ஒண்ணுக்குப் பணம் கட்டிட்டு, மத்த காலேஜ் எல்லாத்துக்கும் அன்னைக்கே "வரலை, நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி"ன்னு உங்களை இன்டர்வியூ பண்ணவங்களுக்கு எழுதிடுங்க. வெயிட்லிஸ்ட்ல ஒரு பிள்ளை அந்த சீட்டுக்காகக் காத்துட்டு இருக்கும், அதோட உங்களை இன்டர்வியூ பண்ணவங்களோட நாலு வருஷம் கழிச்சு ஏதாவது ஒரு ஷோல சேந்து வேலை பாக்க வேண்டி வரலாம்.